தோட்டாப் பை வெஸ்ட் மாட்டிக்கொண்டு சாம் ஹூஸ்டன் காட்டில் ஒரு நாள்

சென்ற டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி சனிக்கிழமை மதியம் வீடு திரும்பிய சின்னப் பயணம் இது. நான் இருக்கும் ஹூஸ்டன் புறநகர் கேட்டியிலிருந்து சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டுக்குப் போக எழுபத்தாறு மைல், வர எழுபத்தாறு மைல். டெக்சாஸில் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் குறைவுதான். ஆனாலும் மீன்பிடி, கேம்பிங் என்று ஆரம்பித்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற நாலைந்து பேரை எனக்குத் தெரியும். ராணுவத்தில் போடுகிற மாதிரி உடம்பைச் சுற்றிப் பைகள் வைத்த வெஸ்ட் வாங்கலாமா என்று அவர்களில் இரண்டு பேர் கேட்டார்கள். வாங்கலாம். ஆனால் நான் செய்ததைச் செய்யக் கூடாது. அது என்ன என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதிவு.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி சுதாவுக்கு இரண்டு வருடம் முன்பு கலிபோர்னியாவில், குபெர்டினோவில் வேலை கிடைத்தது. மகள் நிலாவும் அங்கேயே ஹைஸ்கூல் சேர்ந்தாள். என் வேலை ஹூஸ்டனை விட்டு நகராது. ஆறு மாதம் இப்படி ஓட்டலாம் என்று பேசிக்கொண்டோம். ஆறு மாதம் நான்கு தடவை வந்து போய்விட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர்கள் இருவரும் கேட்டி வருவதாக இருந்தது. நிலாவுக்கு ஏதோ ரோபோ போட்டிக்கான ப்ராக்டிஸ் என்று கடைசி வாரத்தில் மாறிவிட்டது. "நீங்க இங்க வாங்களேன்" என்றாள் சுதா. ஆபீஸில் ஆன்-கால் இருக்கிறது, எப்போது கூப்பிட்டாலும் வேலை பார்க்க வேண்டும், வீட்டிலேயே இருக்கிறேன் என்றேன். ஆன்-கால் வியாழக்கிழமையோடு முடிந்திருந்தது. சும்மா கோபம். நாற்பத்தேழு வயதில் கோபித்துக்கொண்டு காட்டுக்குப் போனவன் நான்.

வேட்டை எனக்குப் புதிதல்ல. ஆபீஸில் டேல் என்று ஒருவர் இருந்தார். லைசென்ஸுக்கு முன்னால் எடுக்க வேண்டிய வகுப்பிலிருந்து துப்பாக்கி துடைப்பது வரை எல்லாம் அவர் சொல்லித்தந்தது. இரண்டு சீசன் அவரோடு போனேன். போன வருடம் அவருக்கு மேற்கு டெக்சாஸில் மிட்லண்டுக்கு மாற்றல் ஆகிவிட்டது. இது நான் தனியாகப் போன முதல் தடவை.

இனி வெஸ்ட். எனக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம் உண்டு. முதுகுப் பை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் வலது கை மரத்துப்போகும். சுமையைத் தோளில் ஏற்றாமல் இடுப்பைச் சுற்றிப் பிரித்துக்கொள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். ராணுவத்தில் கழித்துக்கட்டிய சாமான் விற்கிற கடை ஒன்று ஹூஸ்டனில் இருக்கிறது. அங்கே முப்பத்தைந்து டாலருக்கு ஒன்று வாங்கினேன். பச்சையும் பழுப்பும் கலந்த நைலான் வெஸ்ட். முன்பக்கம் தோட்டா மேகசின் வைக்க நாலு பை, கீழே அகலமான பெல்ட், பெல்ட்டில் கொக்கி போட்டு மாட்டும் இரண்டு தண்ணீர் கேன்டீன். மேகசின் பைகளில் நான் வைத்தவை: ஒன்றில் முதலுதவி சாமான், ஒன்றில் தண்ணீர் வடிகட்டியும் லைட்டரும், ஒன்றில் திசைகாட்டியும் மேப்பும், கடைசியில் கடலை மிட்டாயும் முறுக்கும். எல்லாம் சேர்த்துப் பதினொரு பவுண்டு. ஹாலில் நின்று மாட்டிப் பார்த்தேன். கழுத்தில் ஒரு பாரமும் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லாததால் கழற்றி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினேன். கிராண்ட் பார்க்வே பிடித்து, ஐ-45 நெடுஞ்சாலை ஏறி வடக்கே. பார்க்வேயில் டோல் உண்டு. காரில் டோல் டேக் இல்லாவிட்டால் பில் வீட்டுக்கு வரும். லீவு நெரிசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மான் சீசனில் காட்டுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது, வேட்டைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய கேம்ப்களில்தான் தங்க வேண்டும். நான் தங்கியதில் தண்ணீர், கழிவறை எதுவும் கிடையாது. லைசென்ஸ் தவிர, பொது நிலத்தில் வேட்டையாட வருடாந்திரப் பெர்மிட் ஒன்றும் தேவை. நான் எடுத்தபோது நாற்பத்தெட்டு டாலர். விதிகள் வருடா வருடம் மாறும், போகும் முன் படித்துவிடுங்கள்.

கேம்ப்பில் என்னைத் தவிர ஒரே ஒரு வண்டி. வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மா கை அசைத்தார், நானும் அசைத்தேன். அன்று நான் இன்னொரு மனிதரோடு கொண்ட தொடர்பு அவ்வளவுதான். கூடாரம் போட்டு, கொண்டுபோன சப்பாத்தியைச் சுட வைத்துச் சாப்பிட்டு, ஏழரைக்கே படுத்துவிட்டேன். சிக்னல் இல்லை. சுதாவுக்குக் குட் நைட் அனுப்பவில்லையே என்று ஒரு நிமிடம் உறுத்தியது. வீட்டிலிருந்தும்கூடச் சில நாள் அனுப்பாமல் இருந்திருக்கிறேன் என்பதால் அவளுக்கு வித்தியாசமாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு உறுத்தலைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நடக்க ஆரம்பித்தேன். குளிர், நாற்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட். இங்கே பொது நிலத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் தொப்பியும் போட வேண்டும். மார்பிலும் முதுகிலும் ஆரஞ்சு நன்றாகத் தெரிய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் நம்மை மிருகம் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக. இரண்டையும் போட்டேன். அந்த ஆரஞ்சுச் சட்டைக்கு மேலே ராணுவ வெஸ்ட்டை மாட்டினேன். என் தப்பு இதுதான். இருட்டில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

நடக்க நடக்க வெஸ்ட்டைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்தன. சுமை பிரிந்து நிற்பது உண்மை. இரண்டு மைல் நடந்தும் கை மரக்கவில்லை. ஆனால் பைகளின் பிரஸ் பட்டன் திறக்கும் சத்தம் அமைதியான காட்டில் விரல் சொடுக்குகிற மாதிரிக் கேட்கிறது. தோள்பட்டைத் துணி தடிமனாக இருப்பதால் துப்பாக்கிக் கட்டை தோளில் சரியாக உட்காரவில்லை. குப்புறப் படுக்கவே முடியாது. பழைய கேன்டீன் ஒன்றின் மூடியில் ரப்பர் தேய்ந்திருந்தது போல. எட்டு மணிக்குப் பார்த்தால் என் இடது தொடை முழுக்க நனைந்து, கேன்டீன் காலி.

அதுவரை மூன்று அணிலும் ஒரு ஆமையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வெயில் ஏறி வேர்த்தது. எட்டரைக்கு ஒரு ஓடையைக் கண்டதும் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு மரத்தில் சாய்த்து வைத்தேன். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். விசிறி மாதிரி இலை விரிந்த குட்டைப் பனைப் புதர்களுக்கு நடுவே மண்டியிட்டு, வடிகட்டிக்கான பிளாஸ்டிக் பையில் ஓடைத் தண்ணீரை நிரப்பி, வடிகட்டி வழியாகக் கேன்டீனுக்குள் பிதுக்கிக்கொண்டிருந்தேன். அது சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும்.

தனியாக இருக்க ஆரம்பித்த பிறகு எனக்கொரு பழக்கம் வந்திருக்கிறது. குக்கரோடு பேசுவேன், லேப்டாப்போடு பேசுவேன். அன்றைக்கு வடிகட்டியோடு.

"இன்னும் கொஞ்சம் தான்டா. முடிஞ்சிரும். ஏன் படுத்துற?"

எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தம் போட்ட குரல் இல்லை. மூச்சு வாங்குகிற குரல்.

"ஆரது? நீங்கள் தமிழோ?"

நிமிர்ந்தேன். சுமார் நூறு அடி தள்ளி, சரிவின் மேலே, ஒரு பைன் மரத்தை ஒட்டி ஒருவர் நின்றிருந்தார். தலையிலும் உடம்பிலும் பளிச்சென்று ஆரஞ்சு. துப்பாக்கி கீழ்நோக்கி இருந்தது. 

"ஆமா சார், தமிழ்தான்" என்றேன். என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரு தமிழரைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் கையைக்கூட ஆட்டினேன்.

அவர் தோட்டாவை வெளியே எடுத்தார். துப்பாக்கியைத் தரையில் படுக்க வைத்தார். பிறகு ஓடையைத் தாண்டி, பூட்ஸ் நனைவதைப் பொருட்படுத்தாமல், நேராக என்னிடம் வந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். மெலிந்த உயரமான ஆள், முழுக்க நரைத்த மீசை.

"முதல் உந்த உடுப்பைக் கழட்டுங்கோ."

"எதை சார்?"

"அதைத்தான். கழட்டுங்கோ தம்பி. பிறகு கதைப்பம்."

கழற்றினேன். உள்ளே இருந்த ஆரஞ்சுச் சட்டை அப்போதுதான் வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், தரையில் கிடந்த என் தொப்பியைப் பார்த்தார். எனக்கு அப்போது புரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரும் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்தார். 

"பண்டியெண்டு நினைச்சிட்டன்" என்றார், பன்றியைச் சொல்கிறார். "பத்தைக்குள்ள கறுப்பா ஏதோ அசைஞ்சுது. ஸ்கோப்பை வச்சுப் பார்த்தா அந்தப் பைகள் தெரியுது. உடன கீழ இறக்கியிருக்க வேணும். நான் இறக்கேல்லை."

"சார், தப்பு என்னோடதுதான். ஆரஞ்சு மேல இதைப் போட்டிருக்கக் கூடாது."

"இல்லைத் தம்பி. பண்டி இல்லையெண்டு தெரிஞ்சாப் பிறகும் விரல் அங்கதான் நிண்டது. ரெண்டு மூண்டு செக்கன். நான் இஞ்ச இல்லை அப்ப."

எங்கே இருந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"உங்கட குரல் கேட்டுது. தமிழ்ல. ஆரோடை கதைச்சனீங்கள்?"

"யார் கூடயும் இல்ல சார். இந்த வாட்டர் ஃபில்டர் கூட."

அவர் என்னையும் ஃபில்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும் கதைக்கிறனான்" என்றார். "காருக்குள்ள."

அவர் பெயரை ரவி என்று மட்டும் எழுதுகிறேன். இலங்கையில் வன்னிப் பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் ஹூஸ்டனில் இருக்கிறார். சிறிய கடை ஒன்று வைத்திருந்து விற்றுவிட்டார். மனைவி இறந்து நான்கு வருடம், பிள்ளைகள் டொரண்டோவில். சின்ன வயதிலேயே காட்டுப்பன்றி வேட்டை பழக்கமாம். சனிக்கிழமைகளில் இங்கே வந்துவிடுவார், சுடுவது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் என்றார். பிளாஸ்கில் இஞ்சி போட்ட ப்ளெயின் டீ வைத்திருந்தார். நானும் சுதாவைப் பற்றியும், இந்த வெஸ்ட்டை வாங்க வைத்த கழுத்து வலியைப் பற்றியும் சொல்லி, முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். அதை எடுக்க மேகசின் பையின் பட்டனைத் திறந்தபோது, அந்தச் சத்தத்துக்கு அவர் கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தேன். வெஸ்ட்டைச் சுருட்டி என் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

டீ பாதி குடித்த பிறகு அவராகவே சொன்னார்.

"என்ர தம்பி இப்பிடி ஒண்டைப் போட்டுக்கொண்டு ஒருக்கா வீட்டை வந்தவன். அம்மா சோறு போட்டவ. 'கழட்டிப்போட்டு இருந்து சாப்பிடன்டா' எண்டு சொன்னவ. நேரமில்லையெண்டு சொல்லி, அதோடயே இருந்து சாப்பிட்டவன். பத்து நிமிசம் இருக்கும்."

"அப்புறம்?"

"பிறகு இல்லை."

ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது.   முப்பத்தைந்து டாலருக்கு ஆசையாக வாங்கிக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தவன் நான். அதற்குள் எதை வைப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

அவர் தன் பையிலிருந்து இன்னொரு ஆரஞ்சுச் சட்டையை எடுத்தார். பெரிய சைஸ். "இதை அதுக்கு மேல போடுங்கோ. கையில தூக்கிக்கொண்டு நடக்கேலாது, கழுத்து நோ எண்டு சொன்னீங்கள்." போட்டேன். பைகள் எல்லாம் மூடி, வயிறு வைத்த ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆனேன். ஓடைக்கு அப்பால் கிடந்த தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். சாலைக்கு ஒன்றரை மைல். வழியில் பன்றிகள் கிளறிப் போட்ட ஈர மண்ணைக் கை காட்டினார், வேறு அதிகம் பேசவில்லை. என் கார் நின்ற இடத்துக்கு வந்ததும் போன் நம்பர் கேட்டேன்.

"போனில கதைக்கிறது குறைவு, தம்பி. சனிக்கிழமையில இஞ்சதான் நிப்பன்." பக்கத்தில் நிறுத்தியிருந்த தன் ட்ரக்கில் ஏறிக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, "மனிசிக்கு போன் அடிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

கூடாரத்தைப் பிரித்துக் கிளம்பப் பதினொன்றே கால். ஐ-45 ஏறும் முன் ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி சுதாவுக்குப் போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"என்ன, வீடியோ கால் போகல, காலைல ரெண்டு தடவை ட்ரை பண்ணேன். தூங்கிட்டிருந்தீங்களா?"

"வீட்ல இல்ல. ஹன்ட்டிங் வந்தேன். நேத்தே வந்துட்டேன்."

"யார் கூட?"

"தனியாத்தான்."

 நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன், எதையும் குறைக்காமல். 

"யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனீங்களா?" என்றாள்.

"இல்ல."

"நீங்க வரலன்னா எங்களுக்கு எப்ப தெரியும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் ஜனவரி வரை மூடியிருந்தது. "தெரியல" என்றேன்.

"ஆன்-கால்னு சொன்னீங்களே."

"வியாழக்கிழமையே முடிஞ்சிடுச்சு. நீங்க வரலைன்னதும் கோபம். அதான் பொய் சொன்னேன்."

அவள் அழுவது கேட்டது. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பின்னால் நிலாவின் குரல்: "மாம், வாட் ஹாப்பண்ட்? இஸ் அப்பா ஓகே?" சுதா ஏதோ சொன்னாள். பிறகு போன் நிலா கைக்குப் போனது. "அப்பா, ஜஸ்ட் ஷேர் யுவர் லொகேஷன். ஐ'ல் டெல் யூ ஹவ்." நான் எங்கே இருக்கிறேன் என்பது எப்போதும் அவள் போனில் தெரிய எந்தெந்தப் பட்டனைத் தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததுதான். அவள் சொல்லி முடிக்கும் வரை தெரியாத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே டிக்கெட் போட்டு, திங்கட்கிழமை குபெர்டினோ போனேன். அங்கே ஒரு வாரம் என்ன பேசினோம் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. முடிவு இன்னும் எதுவும் எடுக்கவில்லை. பேச ஆரம்பித்திருக்கிறோம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ரவியின் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவருடைய ட்ரக் அதே இடத்தில் நின்றது. பன்னிரண்டு மணி வரை காத்திருந்தேன். அவர் வெளியே வரவில்லை. தேடிக்கொண்டு உள்ளே போவது சரியாகப் படவில்லை. சட்டையை மடித்து, ஒரு பாக்கெட் முறுக்கோடு பையில் போட்டு, ட்ரக்கின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கழுத்து, தோள் வலி இருப்பவர்களுக்கு இந்த வகை வெஸ்ட் உண்மையிலேயே உதவும். கனமானதை இடுப்பின் பின்பக்கமாகத் தள்ளி மாட்டுங்கள், முன் பைகளில் லேசானவை மட்டும். பட்டன்களுக்குப் பதில் துணி டேப் ஒட்டிக்கொள்ளலாம், சத்தம் போகும். கேன்டீனை வீட்டிலேயே நிரப்பி ஒரு இரவு கவிழ்த்து வைத்துச் சோதியுங்கள். ஆரஞ்சு எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே. உட்கார்ந்தாலும் தண்ணீர் பிடித்தாலும் தொப்பியைக் கழற்றாதீர்கள். ராணுவப் பச்சைதான் வேண்டும் என்று இல்லை, இதே அமைப்பில் ஆரஞ்சிலேயே வேட்டை வெஸ்ட் கிடைக்கிறது, விலை இரண்டு மடங்கு. நான் அதை வாங்கிவிட்டேன். பழையதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். சொல்ல ஆள் இல்லை என்று தோன்றினால், ஆள் இருக்கிறார்களா என்று இன்னொரு தடவை யோசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் இருக்கும். போன் அதிர்ந்தது. நிலாவிடமிருந்து மெசேஜ்.

"அப்பா, ஒய் ஆர் யூ ஸ்டில் இன் த பார்க்கிங் லாட்?"

சும்மாதான் என்று டைப் செய்தேன். அழித்தேன். போன் போட்டேன்.